தண்ணீர் கொண்டுபோன லொறி: கிளிநொச்சி ஏஜென்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஒரு வியாபார நிறுவனம் சமூக, அரசியல் விவகாரங்களில் வாய் திறக்கலாமா? முகாமைத்துவ வகுப்புகளில் இந்தக் கேள்வி வரும்போது உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருகின்றன. சப்பாத்துக் கொம்பனி, பியர்க் கொம்பனி, ஐஸ்கிரீம் கொம்பனி. வன்னியில் கேள்வி வேறு மாதிரி வரும். அறிக்கை எழுதித்தர இங்கே எந்தக் கடையிலும் ஊடகப் பிரிவு கிடையாது. நாளைக்குத் திறப்பதா பூட்டுவதா, லொறியை அந்த வழியால் விடுவதா சுற்றி விடுவதா என்றுதான் வரும். அதுவும் முதல் நாள் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் வரும்.

கீழே வருகிற ஏஜென்சி ஒரே ஓர் இடம் அல்ல. ஏ9 வீதியோரம் பொருள் விநியோகம் செய்கிற சிலரிடம் கேட்டறிந்ததை ஒன்றாகச் சேர்த்து, ஆட்களை அடையாளம் காண முடியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். பொது நிகழ்வுகளும் அவற்றின் திகதிகளும் உள்ளபடியே இருக்கின்றன.

ஏஜென்சி

முதலாளிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போருக்கு முன்பு பரந்தனில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 2009 இல் எல்லோரையும் போல முள்ளிவாய்க்கால் வரை போய், அங்கிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து, 2010 இல் ஊர் திரும்பினார். ஒரு தகரக் கொட்டகையில் மறுபடி தொடங்கினார். வீதி திறந்து, வங்கிகள் வரிசையாக வந்து, தெற்கிலிருந்து சாமான் வந்து குவிந்த காலம் அது. கொழும்பிலுள்ள பெரிய நுகர்பொருள் கொம்பனி ஒன்று கிளிநொச்சிக்கு விநியோகஸ்தர் தேடியது. இவரிடம் கொட்டகையும் ஊர்க் கடைக்காரர்களின் பழக்கமும் இருந்தன. பிஸ்கற், சவர்க்காரம், பற்பசை என்று ஏஜென்சி இவர் கைக்கு வந்தது.

விநியோகத் தொழிலின் கணக்கை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அநேகமாகப் பிழையாகவே விளங்கிக்கொள்வார்கள். பெரிய கொம்பனியின் பெயர் பலகையில் இருப்பதால் பெரிய காசு என்று நினைப்பார்கள். வங்கி உத்தரவாதம் வைத்தால்தான் கொழும்பு பொருளை ஏற்றும். இவரோ கடைகளுக்குக் கடனுக்குக் கொடுக்க வேண்டும். செக் திரும்பினால் நட்டம் இவருடையது. மாதாமாதம் விற்பனை இலக்கு உண்டு. எட்டினால் ஊக்கத்தொகை, எட்டாவிட்டால் அந்த மாத இலாபத்தில் பெரும்பகுதி போய்விடும். இரண்டு லொறிகள். லீசிங் இவருடைய பெயரில். காப்புறுதி, டீசல், சாரதி சம்பளம் எல்லாம் இவருடைய கணக்கில். ஆனால் பெட்டியின் இரண்டு பக்கமும் பூசியிருக்கிற நிறமும் சின்னமும் கொம்பனியுடையவை. இந்த ஆய்வின் பிரச்சினை முழுவதும் அந்தத் தகரத்தில்தான் இருக்கிறது.

ஆட்கள் இருபதுக்குக் கிட்ட. விற்பனைப் பிரதிநிதிகள், சாரதிகள், கணக்குப் பார்க்கும் பிள்ளை ஆகியோர் மாதச் சம்பளம். சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள் நாட்கூலி. களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் முப்பது வயதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். அவருடைய தம்பியை 2009 மே மாதம் வட்டுவாகலில் வைத்துத் தாயே படையினரிடம் கையளித்தார். அதன் பிறகு தகவல் இல்லை.

2017

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். கையளிக்கப்பட்டவர்களின் பட்டியலைத் தா, இரகசியத் தடுப்பு முகாம் இருந்தால் சொல் என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். சில நாட்களில் வவுனியாவிலும் பந்தல் போட்டார்கள். கேப்பாப்புலவில் படையினர் பிடித்திருந்த காணிக்காக மக்கள் உட்கார்ந்திருந்ததும் அதே காலம்தான். ஏ9 வழியாகப் போகிற எவரும் கந்தசுவாமி கோயில் பந்தலைப் பார்க்காமல் போக முடியாது. களஞ்சியப் பொறுப்பாளரின் தாயும் அங்கே இருந்தார்.

மார்ச் மாத வெயில் எப்படியென்று வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும். முதலாளி ஒருநாள் தன் காசில் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளும் பிஸ்கற்றும் வாங்கி, கடைகளுக்குப் போகிற லொறியிலேயே ஏற்றிவிட்டார். லொறி பந்தலுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றிருக்கும். யாரோ படம் எடுத்தார்கள். படத்தில் முன்னால் ஒரு தாயின் முகம், மடியில் மகனின் புகைப்படம். பின்னால் பளபளவென்று கொம்பனியின் சின்னம். நல்ல எண்ணத்தோடு, ‘நன்றி’ என்று எழுதி முகநூலில் போட்டார்கள். இரவுக்குள் எங்கெல்லாமோ பகிரப்பட்டது.

மறுநாள் காலை பிராந்திய முகாமையாளர் அழைத்தார். வத்தளைக்காரர், தமிழர், மோசமான ஆள் அல்ல.

“அண்ணே, உங்க சொந்தக் காசுல குடுத்தீங்க, அது எனக்கு விளங்குது. ஆனா லொறில எங்க பேருல்ல இருக்கு. மேல கேட்டா நான் என்னத்த சொல்ற?”

“லொறி என்ர பேரில தம்பி. வேணுமெண்டா லீசிங் புத்தகத்தை அனுப்பிவிடுறன், பாருங்கோ.”

“அது சரிண்ணே, படத்துல லீசிங் புத்தகம் தெரியாதே.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொம்பனி அரசியலில் தலையிடாது என்பது மேலிடத்தின் கொள்கை என்றும், இனிமேல் அப்படிச் செய்வதானால் வேறு வாகனத்தில் செய்யும்படியும் கேட்டுக்கொண்டார். எழுத்தில் எதுவும் வரவில்லை.

ஏஜென்சிக்குள் நடந்தது வேறு. முதலாளி களஞ்சியப் பொறுப்பாளர் தன்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தார். அவரோ இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு சொன்னது இவ்வளவுதான்: “அம்மாவுக்குத் தண்ணி நான் குடுப்பன்தானே அண்ணை. லொறி ஏன்?” படத்தில் இருந்த முகம் அவருடைய தாயினுடையது. சிவில் உடையில் இருவர் வந்து விசாரித்தது ஏஜென்சியில் அல்ல, அவருடைய வீட்டில். மகன் எங்கே வேலை செய்கிறான், முதலாளி யார், தண்ணீர் யார் அனுப்பியது, வேறு யார் உதவி செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். முதலாளியிடம் வந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வகுப்பில் இந்த நிகழ்வைக் கொடுத்தால் மாணவர்கள் கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலான இழுபறியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இந்த இடம்தான் முக்கியம். நிலைப்பாட்டை எடுத்தவர் ஒருவர், அதற்கு விலை கொடுத்தவர் இன்னொருவர். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மாதமே இரண்டாவது சோதனை வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுக்கு ஆதரவாக 2017 ஏப்ரல் 27, வியாழக்கிழமை, வடக்கு கிழக்கு முழுவதும் ஹர்த்தால். புத்தாண்டு விடுமுறையில் ஏற்கெனவே நாட்கள் போய்விட்ட மாதம். மாதக் கணக்கு முடிய வெள்ளியும் சனியும்தான் மிச்சம். விநியோகஸ்தருக்கு மாதக் கடைசி என்பது நெல் வெட்டுகிற வாரம் மாதிரி; அன்றைக்கு மழை பெய்யக் கூடாது.

வர்த்தகர்கள் பூரண கதவடைப்பு என்று முடிவெடுத்துவிட்டார்கள். ஆகவே கடைகளே பூட்டியிருக்கும்போது லொறி எங்கே போய் எதை விற்பது? திறப்பதா என்ற கேள்வி உண்மையில் எழவில்லை. எழுந்தது வேறு இரண்டு கேள்விகள். ஆதரவு தெரிவிக்கும் பதாகையில் ஏஜென்சியின் பெயரைப் போடலாமா என்று சில இளைஞர்கள் வந்து கேட்டார்கள். முதலாளி தன் சொந்தப் பெயரைப் போடச் சொன்னார். ஏஜென்சியின் பெயர் வேண்டாம் என்றார். கொழும்புக்கு எழுத வேண்டிய காரணத்தில் ‘போக்குவரத்து இன்மை’ என்று எழுதினார். பஸ் ஓடவில்லை என்பதும் உண்மைதான். லொறிகள் இரண்டையும் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தி, சின்னம் தெரியாமல் படங்கு போட்டு மூடினார். மூடியது மழைக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சம்பளம்? மாதச் சம்பளக்காரருக்கு வெட்டவில்லை. நாட்கூலிக்காரருக்கு வேலை இல்லாத நாளில் காசு இல்லை, அதுதான் வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில் அவர்களில் ஒருவர் முதலாளியிடம் சொன்னார்: “நானும் ஆதரவுதான் அண்ணை. எண்டாலும் நேற்று எனக்கு வரும்படி இல்லை.” முறைப்பாடாகக்கூடச் சொல்லவில்லை, சாமானை இறக்கிக்கொண்டே சொன்னார். அன்று மாலை முதலாளி அரைநாள் கூலி கொடுத்தார். ஏன் அரைநாள் என்று கேட்டேன். அவருக்கும் விளக்கம் இல்லை.

அரசியல் பேசாத கொம்பனிகள்

‘நாங்கள் அரசியல் பேசுவதில்லை’ என்ற கொழும்பின் வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

2008 இல் பாதுகாப்பு அமைச்சு படையினருக்கு வீடு கட்டிக்கொடுக்க ‘அபி வெனுவென் அபி’ என்ற நிதியத்தைத் தொடங்கியபோது, பெரிய நிறுவனங்கள் காசோலை கொடுத்து, கொடுக்கிற படத்தையும் பத்திரிகையில் போட்டன. கொடுத்தவர்களில் எவரும் அதை அரசியல் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நன்கொடை, நன்றிக்கடன், தேசப்பற்று என்றே நினைத்திருப்பார்கள். கிளிநொச்சியிலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு நிலைப்பாடு, தண்ணீர்ப் போத்தலைவிட மிகப் பெரிய நிலைப்பாடு.

2013 இல் ஹலால் சின்னத்துக்கு எதிராகப் பொது பல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பு பிரசாரம் செய்தபோது, தீர்வு பேசப்பட்டது இலங்கை வர்த்தகச் சம்மேளனத்தின் மேசையில். அந்த ஆண்டு மார்ச்சில், உள்ளூர்ச் சந்தைப் பொருட்களில் சின்னம் கட்டாயமில்லை என்று, ஹலால் சான்றிதழ் கொடுத்துவந்த உலமாக்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. வணிக உலகம் நடுவில் நின்று அமைதியைக் காப்பாற்றியது என்று சிலர் சொல்வார்கள். பலவீனமான பக்கத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி அமைதி வாங்கியது என்று வேறு சிலர் சொல்வார்கள். நான் இரண்டாவது கட்சி.

நம்முடைய கிளிநொச்சி மாவட்டத்திலேயே அண்மைய உதாரணம் இருக்கிறது. 2025 மார்ச் இறுதியில் ஆனையிறவு உப்பளத்தில் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வேலைவாய்ப்பு, உள்ளூர் உற்பத்தி என்று எல்லாரும் சந்தோஷப்பட வேண்டிய நாள். பைக்கற்றில் இருந்த பெயர் ‘ரஜ லுணு’, சிங்களத்தில் ‘அரச உப்பு’. அந்த அரச நிறுவனத்தில் யாரும் உட்கார்ந்து, தமிழர்களைச் சீண்டுவோம் என்று திட்டமிட்டிருப்பார்கள் என நான் நம்பவில்லை. சந்தைப்படுத்தல் பிரிவில் யாரோ தெற்கின் சந்தையை நினைத்து வைத்த பெயராக இருக்கலாம். ஆனால் ஆனையிறவு என்ற பெயரோடு இந்த மண்ணுக்கு என்ன உறவு என்று தெரிந்த ஒருவர்கூட அந்த அறையில் இருந்திருக்கவில்லை, அல்லது இருந்தும் வாய் திறக்கவில்லை. எதிர்ப்பு வந்த பிறகு, ‘ஆனையிறவு உப்பு’ என்று மாற்றுவதாக அரச தரப்பு சொல்ல வேண்டி வந்தது. அறிக்கை விடாமலேயே ஒரு நிறுவனம் அரசியல் பேசிவிட முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டாம்.

ஆக, கொழும்புக் கொம்பனி ‘அரசியல் வேண்டாம்’ என்று சொல்லும்போது, அதற்குத் தெரியாத, அதற்குப் பழக்கமில்லாத அரசியல் வேண்டாம் என்பதே பொருள். பெரும்பான்மைக்குப் பழகிப்போனது எதுவும் அரசியலாகக் கண்ணில் படாது.

பூட்டிய கதவு என்ன சொல்கிறது

மறுபக்கத்தையும் பார்ப்போம். வன்னியில் ஹர்த்தாலன்று எல்லாக் கடையும் பூட்டியிருப்பதைப் பார்த்து, வணிக சமூகம் ஒருமனதாக நிற்கிறது என்று செய்தி எழுதுவார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கும். மனமார ஆதரிப்பவர் இருப்பார். திறந்தால் பக்கத்துக் கடைக்காரன் என்ன நினைப்பான் என்பவர் இருப்பார். கல் விழுமோ என்று பயப்படுகிறவர் இருப்பார். சரி, ஒருநாள் வீட்டில் இருப்போம் என்பவரும் உண்டு. வவுனியா நகரில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் கடைகள் ஒரே தெருவில் இருப்பதால் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒவ்வொரு அர்த்தம் வரும். ஏ9 ஓரத்தில் படையினர் நடத்துகிற தேநீர்க் கடைகள் ஹர்த்தாலன்று பூட்டுவதில்லை. அந்தத் திறப்புக்கும் ஓர் அர்த்தம் உண்டு. இங்கே நடுநிலை என்று ஒரு கதவு கிடையாது. அதனால்தான் மில்டன் ஃபிரீட்மன் 1970 இல் சொன்ன ‘வியாபாரத்தின் பொறுப்பு இலாபமே’ என்ற வாதம் இந்த மண்ணில் முழுசாகப் பொருந்துவதில்லை. இலாபத்துக்காகத் திறந்தாலும் அது ஒரு பக்கம் நிற்பதாகவே படும்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பாருங்கள். அவையும் பொருள் வாங்கி விற்கிற, கணக்குப் புத்தகம் வைத்திருக்கிற அமைப்புகள்தான். இழுவைமடிப் படகுகளுக்கு எதிராக அவை ஊர்வலம் போகும், மனுக் கொடுக்கும், மறியல் செய்யும். 2021 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை கறுப்புக்கொடி கட்டிய படகுகளில் கடல்வழியே போராட்டம் நடந்தது. அது இலேசான நிலைப்பாடு அல்ல. எதிர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் தமிழ்நாட்டு மீனவர்கள். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசுகிறவர்களுக்குச் சங்கடமான விஷயம். இருந்தாலும் ஒரு மீனவர் சங்கத்தைப் பார்த்து ‘உங்களுக்கு ஏன் அரசியல்’ என்று யாரும் கேட்பதில்லை. அறுந்த வலை அங்கத்தவருடையது, முடிவு பொதுக்கூட்டத்தில் எடுத்தது, கடலுக்குப் போகாத நாளின் நட்டமும் அவர்களுடையது. ஏஜென்சியில் இந்த மூன்றும் மூன்று பேரிடம் பிரிந்து கிடந்தன.

ஐஸ்கிரீம்

வெளிநாட்டு உதாரணங்களில் எனக்கு உபயோகமாகப் பட்டது ஒன்றே ஒன்று. இனவாதத்துக்கு எதிராகத் தேசிய கீதத்தின்போது முழங்காலிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் கேபர்னிக்கை வைத்துச் சப்பாத்துக் கொம்பனி நைக்கி 2018 இல் விளம்பரம் செய்து இலாபம் கண்டதும், 2023 இல் பட் லைட் ஒரு சமூக ஊடக விளம்பரத்தால் அடிவாங்கி அமெரிக்க பியர்ச் சந்தையில் முதலிடத்தை இழந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதைகள். அவற்றிலிருந்து, வாடிக்கையாளரைத் தெரிந்து பேசு என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது.

பென் அண்ட் ஜெரிஸ் கதை வேறு. அந்த ஐஸ்கிரீம் கொம்பனியை யூனிலீவர் 2000 இல் வாங்கியபோது, சமூக நோக்கம் தொடர்பான விடயங்களில் தனியான ஓர் இயக்குநர் சபைக்கு அதிகாரம் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். 2021 ஜூலையில், ஆக்கிரமிக்கப்பட்ட பலஸ்தீனப் பகுதிகளில் இனி விற்பதில்லை என்று கொம்பனி அறிவித்தது. அமெரிக்காவில் சில மாநிலங்கள் யூனிலீவரிலிருந்து தங்கள் ஓய்வூதிய முதலீட்டை எடுத்தன. இஸ்ரேலில் அந்த ஐஸ்கிரீமைத் தயாரித்து விற்ற உள்ளூர் உரிமைக்காரர், தன் தொழிலை யார் கேட்டு முடக்குகிறீர்கள் என்று வழக்குக்குப் போனார். 2022 ஜூனில் யூனிலீவர் அங்கத்தைய வியாபாரத்தை அவருக்கே விற்றுவிட்டது. அவர் எபிரேய, அரபு எழுத்துகளில் பெயர் போட்டு எல்லா இடத்திலும் விற்கலாம். தாய்க் கொம்பனிமீது பென் அண்ட் ஜெரிஸ் வழக்குப் போட்டது.

யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சல்ல. என் அனுதாபம் எந்தப் பக்கம் என்று வன்னியில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. அமைப்பைப் பாருங்கள். தலைமைக் கொம்பனி, அதன் பெயரில் வியாபாரம் செய்கிற உள்ளூர்க்காரர், இருவருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம். அங்கே மேலே இருந்தவர்கள் நிலைப்பாடு எடுத்தார்கள், உள்ளூர்க்காரர் மறுத்தார். கிளிநொச்சியில் உள்ளூர்க்காரர் எடுத்தார், மேலே மறுத்தார்கள். இரண்டு இடத்திலும் கடைசியில் ஆளைக் காப்பாற்றியதோ கைவிட்டதோ ஒப்பந்தத்தின் வரிகள்தான். நம்முடைய ஏஜென்சி ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை.

பிறகு

என் மதிப்பீட்டைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கொடுத்தது சரி. பதாகையில் ஏஜென்சியின் பெயரைப் போடாததும் சரி. அந்தப் பெயரின் கீழே இருபது குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை இல்லை. லொறியை அனுப்பியது பிழை. ஆனால் கொழும்பு சொன்ன காரணத்துக்காக அல்ல, களஞ்சியப் பொறுப்பாளர் சொன்ன காரணத்துக்காக.

இதை முதலாளியிடம் சொன்னபோது அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. “எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒருத்தருக்கும் தண்ணி போகாது” என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. பயம் உள்ள ஊரில் கூட்டம் கூடி முடிவெடுக்கப் போனால் முடிவு எப்போதும் ‘வேண்டாம்’ என்றுதான் வரும்.

ஆனாலும் பழக்கம் மாறியிருக்கிறது. முத்தையன்கட்டில் ஓர் இளைஞரின் மரணத்தையும் படையினரின் பிரசன்னத்தையும் முன்வைத்து 2025 ஆகஸ்டில் ஹர்த்தாலுக்கு அழைப்பு வந்தது. முதலில் 15 ஆம் திகதி என்றார்கள். மடுத் திருவிழா என்பதால் 18 ஆம் திகதிக்கு மாறியது. இந்த முறை வர்த்தகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை, சில இடங்களில் கடைகள் பூட்டின, சில இடங்களில் திறந்தன. அதனால் ஏஜென்சிக்கு முதல்முறையாக உண்மையான தெரிவு கிடைத்தது. முதலாளி முதல்நாள் ஆட்களைத் தனித்தனியாக அழைத்துக் கேட்டார். கூட்டமாகக் கேட்டால் சத்தமானவன் சொல்வதுதான் முடிவாகும் என்று அவருக்குத் தெரியும். காலையில் பூட்டுவது, மத்தியானத்துக்குப் பிறகு வர விரும்புகிறவர் வரலாம், நாட்கூலிக்காரர் உட்பட எல்லாருக்கும் முழுக் கூலி என்று முடிவானது. விற்பனைப் பிரதிநிதி ஒருவர் இந்த ஹர்த்தால் கட்சிகளின் போட்டிக்கானது என்று சொல்லிக் காலையிலேயே வந்து களஞ்சியத்தில் கணக்குச் சரிபார்த்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

கொழும்போடு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு புதிய வாசகம் சேர்ந்து வந்தது: கொம்பனியின் சின்னம் உள்ள வாகனத்தை அரசியல், சமய நிகழ்வுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. முதலாளி சரி என்றார். அப்படியானால் வெசாக் தன்சலுக்கு, அதாவது பௌத்தர்களின் இலவச உணவுப் பந்தலுக்கு, மற்ற மாவட்டங்களில் கொம்பனி லொறிகள் நிற்பதையும் இது தடுக்கும்தானே என்று ஒரு கேள்வியை மட்டும் எழுதி அனுப்பினார். இரண்டு கிழமை கழித்துத் திருத்திய பிரதி வந்தது. அதில் ‘சமய’ என்ற சொல் எடுக்கப்பட்டிருந்தது, ‘அரசியல்’ அப்படியே இருந்தது. எது அரசியல் என்று யார் தீர்மானிப்பது என்பதை எழுதித் தரும்படி அவர் மறுபடியும் கேட்டிருக்கிறார். பதில் வரும் வரை பழைய ஒப்பந்தத்தின்படியே சாமான் வருகிறது.